பக்கத் தையலில் நீல நூல்

அத்தியாயம் பதினொன்று

சாப்பாட்டு மேசையில் மூன்று கோட்டுகள் மல்லாந்து கிடந்தால், அந்த வீட்டில் யாருக்கும் வாய்க்குள் எதுவும் இறங்காது.

செவ்வாய்க்கிழமை மாலை மாப்பிள்ளை அவற்றைக் கொண்டுவந்து போட்டார். அன்றிலிருந்து மாஸ்டர் வீட்டில் எல்லாரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள். சுவரில் பார்ப்பதற்கு ஒரு கடிகாரம்தான் இருக்கிறது. அதையே எத்தனை தடவை பார்ப்பது?

மூன்றுமே, மாஸ்டரும் மாப்பிள்ளையும் வேலை பார்க்கும் துணிக் கம்பெனியின் கோட்டுகள். கடைகளில் விற்காமல் கிடங்குக்குத் திரும்பி வந்து, வெட்டி அழிக்கப்பட்டவை. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் தலைமை அலுவலகத்து மேடம் ஒருவர் அவற்றை நடைபாதைக் கடையில் முழுக் கோட்டாகவே வாங்கி, மாப்பிள்ளைக்கு அனுப்பியிருந்தார். யாரோ தையல் ஓரமாகவே வெட்டுகிறார்கள், யாரோ அதைத் திரும்பத் தைத்து விற்கிறார்கள், வியாழக்கிழமை மேடமே நேரில் வரப்போகிறார் என்று மாப்பிள்ளை அன்று சொன்னார்.

மாஸ்டர் கோட்டை உள்பக்கம் திருப்பி, வெட்டின விளிம்பைப் பார்த்தார். அது தன் கை என்று தெரிந்தது. அவர் மனைவி அதே இடத்தில் ஓடிய நீல நூல் தையலைப் பார்த்தாள். அது தன் கை என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் இருவரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கடிகாரத்துக்கு ஒரு கதை உண்டு. மாஸ்டர் முப்பது வருஷம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். நீளமான மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, கைத் துண்டையும் முதுகுத் துண்டையும் கழுத்துத் துண்டையும் எப்படி நெருக்கிப் போட்டால் அடுக்குக்கு இரண்டு விரல் துணி மிச்சமாகும் என்று கண்டுபிடித்தவர். அதற்காகத் தொழிற்சாலை கொடுத்த பரிசு அது. அப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்ற பிறகு கம்பெனிக் கிடங்கில் அழிப்புப் பிரிவில் சேர்ந்து, ஒரு நாளைக்கு இருநூறு முழுக் கோட்டுகளை வெட்டிப் போடுகிறார். இதற்கு என்ன பரிசு கொடுப்பார்கள் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. ஒருவேளை அந்தக் கடிகாரத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம்தான்.

வியாழக்கிழமை காலை. மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், விடியும் முன்பே கிளம்பிப் போய்விட்டாள். மாப்பிள்ளை அந்த மூன்று கோட்டுகளையும் மடித்துப் பையில் வைத்தார். பிறகு தன் கோட்டைப் போட்டு ஜிப்பை இழுத்தார். ஜிப் பாதி வரை வந்து, பல்லை இளித்துவிட்டு, கையோடு வந்துவிட்டது.

வெளியே மூச்சு விட்டால் புகையாகத் தெரிகிற குளிர்.

"இருங்க மாப்பிள்ளை," என்று மாஸ்டரின் மனைவி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு இருந்தது. "இதப் போட்டுக்குங்க. உங்களுக்குச் சரியா இருக்கும்."

சரியாகத்தான் இருந்தது. தோளில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால் அவருக்கென்றே அளவெடுத்தது போல இருந்தது. மாப்பிள்ளை கண்ணாடியில் ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தார், மறுபக்கம் திரும்பிப் பார்த்தார், தலையைச் சீவ இடது கையைத் தூக்கினார்.

அக்குளில் ஆரம்பித்து இடுப்பு வரை, மெல்லிசாக ஒரு நீலக் கோடு.

மாஸ்டருக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறியது. இருமி முடித்துவிட்டு மனைவியைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"குளிருதுல்ல," என்றாள் அவள், யாரும் எதுவும் கேட்காமலே.

கிடங்குக்குப் போகிற வழி வாய்க்காலை ஒட்டிப் போகிறது. மாமனாரும் மாப்பிள்ளையும் தினமும் அதில்தான் நடக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீரைவிடத் துணி அதிகம். கிடங்கில் வெட்டின துணியைக் கட்டுக் கட்டாக எடை போட்டு, ஊரிலுள்ள ஐந்து கழிவுத்துணி ஷெட்டுகள் எடுத்துக்கொள்கின்றன. பட்டறைகளுக்கு எண்ணெய் துடைக்க உதவுகிற துணி அதில் பாதிதான். மீதி பாலியஸ்டர். அது எண்ணெயையும் குடிக்காது, மண்ணிலும் மக்காது. அதனால் வாய்க்கால் கரைக்கு வரும், முதல் மழையில் வாய்க்காலுக்குள் போகும். மதகில் ஒரு சிவப்புச் சட்டைக் கை மாட்டிக்கொண்டு மூன்று மழைக்காலமாக ஆடுகிறது. நிறம் கொஞ்சமும் போகவில்லை. மாஸ்டருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ டாட்டா காட்டுவது போலத் தோன்றும். ஒரு நாள் ஞாபகமறதியாகத் திருப்பிக் காட்டியும் இருக்கிறார்.

ஷெட்டுகள் வருவதற்கு முன்னால் இதைவிட மோசம். அப்போது வெட்டுவது கிடையாது, கிடங்குக்குப் பின்னாலிருந்த உலையில் போட்டு எரிப்பார்கள். கொடியில் காயப்போட்ட துணியில் கறுப்புத் துகள் வந்து ஒட்டும். தொட்டால் பிசுபிசுக்கும். மாஸ்டரின் மனைவி இரண்டு வருஷம் இருமினாள். மாத்திரை, மருந்து, படம் எடுத்தது எல்லாம் ஆகி, கடைசியில் டாக்டர் ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொன்னார். இந்த ஊரில் எரிக்கக் கூடாது என்று அரசாங்க உத்தரவு வந்த பிறகுதான் இருமல் நின்றது. நின்ற மறுமாதமே அவள் ஒரு ஷெட்டில் துணி பிரிக்கிற வேலைக்குப் போனாள். "நான் முழுங்கினதோட மிச்சம் எங்க போவுதுன்னு பாக்கணும்," என்றாள்.

அங்கே அவளோடு ஐந்து பெண்கள், ஓரமாக இரண்டு தையல் மெஷின்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த மெஷின்கள் ஓடும். ஷெட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துத் தூங்கிவிடுவார். கிழிந்த பழசைத் தைப்பதாகத்தான் மாஸ்டரிடம் சொல்லியிருந்தாள். அவரும் நம்பியிருந்தார். கட்டிக்கொண்டவள் சொல்வதை நம்புவதில் ஒரு வசதி, மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

விளக்குக் கம்பம் வந்தது. அந்தக் கம்பத்தைத் தாண்டினால் மாப்பிள்ளை, 'சார்' ஆகிவிடுவார். மாமா, 'மாஸ்டர்' ஆகிவிடுவார். இது இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்துகொண்டு, மாமனாருக்கே மேற்பார்வையாளராக இருப்பதில் உள்ள சங்கடங்களுக்கு அந்தக் கம்பம்தான் எல்லைக் கல். தலைமை அலுவலகத்துக்கு இந்த உறவு தெரியாது.

கம்பத்துக்கு முன்னால், மாப்பிள்ளையாக இருக்கும்போதே சொல்லிவிடலாமா என்று மாஸ்டர் யோசித்தார். சொன்னால் மாப்பிள்ளையும் கூட்டுக் களவாணி ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாமலே அவர் முதுகில் சாட்சி ஏறிக்கொண்டு போகிறது. யோசித்து முடிப்பதற்குள் கம்பம் பின்னால் போய்விட்டது.

அழிப்புப் பிரிவு ஒரு நீண்ட கூடம். மேசை மூன்று, ஆள் மூன்று. மாஸ்டருக்கு எதிர் மேசையில், எல்லாரும் 'ரேடியோ' என்று கூப்பிடுகிறவர். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு ஒரு பெண், படிப்பில் ஒரு பெண், கைக்குழந்தையாக ஒரு பையன் என்று அவர் குடும்பத்து விஷயமெல்லாம் கூடத்துக்கே மனப்பாடம். மூன்றாவது மேசையில் 'அமைதி' என்று பெயர் வாங்கினவர். ரேடியோ செலவழிக்கும் வார்த்தைகளை எல்லாம் இவர்தான் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார் போலிருக்கும்.

மாஸ்டர் அன்று ஒரு முடிவோடு வந்திருந்தார். இனிமேல் குறுக்கே வெட்டுவது. தோளிலிருந்து எதிர் இடுப்புக்கு, கோணல்மாணலாக, தெய்வமே வந்தாலும் தைக்க முடியாதபடி.

முதல் கோட்டை எடுத்தார். விலைச்சீட்டு கழுத்திலேயே தொங்கியது. எந்த உடம்பும் இதுவரை பார்க்காத கோட்டு. கத்தரியைத் தோளில் வைத்தார். அது வழுக்கிக்கொண்டு பக்கத் தையலுக்குப் போனது. இழுத்து வந்தார். மறுபடியும் போனது. வண்டி மாட்டைப் புது வழியில் ஓட்டுவது போல, இடது கையால் வலது கையைப் பிடித்துத் தள்ளி வெட்டினார். துணி குறுக்கே கதறிக்கொண்டு பிளந்தது. தூங்குகிற ஒருவர் முகத்தில் வெந்நீரை ஊற்றிவிட்டது போல இருந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். ரேடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"இல்ல, கோட்ட வெட்டுறீங்களா, அடிச்சுப் போடுறீங்களான்னு தெரியல. அதான் கேட்டேன்."

இதற்கிடையில் மாப்பிள்ளை சுவர்ப் பலகையில் அன்றைய எண்ணிக்கையை எழுதினார். அவர் இடது கைக்காரர். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு தடவை கை மேலே போனது, ஒவ்வொரு தடவையும் நீலக் கோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தது. கூடத்துக்குள்ளே புழுக்கமாக இருக்கிறதே, கோட்டைக் கழற்றி வைக்கலாமே என்று மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். புழுக்கமா என்று மாப்பிள்ளை கேட்டபோது அவர் வாயிலிருந்து புகை வந்தது.

பத்து மணிக்கு டீ வந்தது. மாஸ்டர் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய், கால் தடுக்கினாற்போல மாப்பிள்ளைமேல் சாய்த்தார். வயதுக்கு நன்றாகவே நடித்தார். மாப்பிள்ளை விலகிக்கொண்டார். அவருக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்த ரேடியோ முழு டீயையும் வாங்கிக்கொண்டார். அதைப் பற்றி அவர் பேசி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. முடிப்பதற்குள் மேடம் வந்துவிட்டார்.

மேடம் ஒல்லியாக, உயரமாக இருந்தார். மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. கூடவே இன்னொரு சங்கிலியில் அளவு நாடாவும் தொங்குமோ என்னும்படி, வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்தார். குளிருக்கு ஒரு மெல்லிய சால்வைதான் போர்த்தியிருந்தார். யாரையும் அதட்டவில்லை. உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காரவும் இல்லை.

நடைபாதைக் கோட்டுகள் மூன்றையும் மேசையில் உள்பக்கம் திருப்பி விரித்தார். பிறகு மூன்று புதுக் கோட்டுகளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். தினமும் எப்படி வெட்டுகிறீர்களோ அப்படி வெட்டுங்கள், அவ்வளவுதான் என்றார்.

அமைதி முதலில் வெட்டினார். முதுகில் நட்ட நடுவே ஒரே கிழி. மேடம் தலையசைத்தார்.

அடுத்தது மாஸ்டர். அவர் மனதுக்குள் மனைவியின் இருமலை ஒரு தடவை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் குறுக்கே வெட்டினார். வெட்டு மின்னல் வெட்டினது போலக் கோணலாகப் போய் நின்றது. மேடம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தன வருஷமா கத்தரி பிடிக்கிறீங்க?"

"முப்பத்தி மூணு, மேடம்."

"ம்," என்றார் மேடம். அந்த 'ம்'முக்குள் என்ன இருந்தது என்று மாஸ்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசியாக ரேடியோ. வாழ்க்கையில் பரீட்சை என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான், பக்கத்தில் இருக்கிற கெட்டிக்காரனைப் பார்த்து எழுதுவது. அன்று காலை மாஸ்டர் ஏதோ கிறுக்குத்தனமாக வெட்டினார், அது உடம்பு சரியில்லாததால். நல்ல நாளில் மாஸ்டர் எப்படி வெட்டுவார் என்பதுதான் கணக்கு. மூன்று வருஷம் எதிரே நின்று பார்த்தது வீண் போகவில்லை. அக்குளில் கத்தரியை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்கத் தையல் ஓரமாகவே இடுப்பு வரை இறக்கினார்.

இறக்கிவிட்டு, நல்ல மார்க் வாங்கப் போகிறவரைப் போல மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தார்.

மேடம் அந்தக் கோட்டை எடுத்து, நடைபாதைக் கோட்டுகளின் பக்கத்தில் வைத்தார். நாலும் ஒன்று போல இருந்தன.

ரேடியோ வாயைத் திறந்தார், மூடினார். இரண்டாவது தடவை திறந்தார். அதிலிருந்து எதுவும் வரவில்லை. அந்த மூன்று வருஷத்தில் மாஸ்டர் எத்தனையோ நாள் வேண்டிக்கொண்ட காட்சி அது. இப்போது பார்க்கச் சகிக்கவில்லை.

சும்மா இருந்துவிட்டால் போதும். ரேடியோவை அனுப்பிவிடுவார்கள், விசாரணை முடிந்துவிடும். மாஸ்டர் வேலை தப்பும், ஷெட்டு தப்பும், மாப்பிள்ளை முதுகிலிருக்கும் கோட்டும் தப்பும். கல்யாணத்துக்கு ஒரு பெண், படிப்பில் ஒரு பெண், கைக்குழந்தையாக ஒரு பையன். ரேடியோ மட்டும் கொஞ்சம் குறைவாகப் பேசியிருந்தால் இதெல்லாம் யாருக்கும் தெரிந்திருக்காது.

"அது அவர் கை இல்ல மேடம்," என்றார் மாஸ்டர். "என் கை."

"உங்க கைய இப்பதானே பாத்தேன்."

"அது பொய்க் கை."

மேடம் இன்னொரு கோட்டை நீட்டினார். "என்னப் பாத்துக்கிட்டே வெட்டுங்க. துணியப் பாக்காதீங்க."

மாஸ்டர் அவரைப் பார்த்துக்கொண்டே வெட்டினார். மாஸ்டர் தடுக்காததால் கத்தரி தனக்குத் தெரிந்த வழியில் போனது. அக்குளில் இறங்கி, தையலை விட்டு ஒரே அளவாக விலகி, இடுப்பில் வந்து நின்றது. காலையிலிருந்து அவர் கைக்கு அப்போதுதான் நிம்மதி.

மேடம் நாடாவை வைத்து மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார். மூன்று இடத்திலும் அரை விரல். நடைபாதைக் கோட்டுகளிலும் மூன்று இடத்திலும் அரை விரல். ரேடியோவின் வெட்டில் ஒரு இடத்தில் கால் விரல், ஒரு இடத்தில் ஒரு விரல்.

"தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"தெரிஞ்சிருந்தா அக்குள விட்டுக் கொஞ்சம் தள்ளி ஆரம்பிச்சிருப்பேன் மேடம். தைக்கிறவங்களுக்கு இன்னும் சுலபம்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்குப் புரிந்தது. நாக்கும் கத்தரி மாதிரிதான், பழகின வழியில் போய்விடுகிறது.

அப்போது அமைதி தொண்டையைச் செருமினார். "ஒரு முழம் வெட்டணும்னுதான் விதியில இருக்கு," என்றார். "எங்கன்னு இல்ல."

அந்த மாதத்தில் அவர் பேசிய இரண்டாவது வாக்கியம் அது. முதல் வாக்கியம் சம்பள நாளன்று. மேடம் மாப்பிள்ளையைப் பார்த்தார். விதிப் புத்தகம் அலமாரி உச்சியில் இருந்தது. மாப்பிள்ளை எட்டி எடுத்தார், இடது கையால். நீலக் கோடு முழு நீளத்துக்கும் வெளியே வந்து, கை இறங்கியதும் உள்ளே போனது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

விதியில் எங்கே என்று இல்லைதான். மேடம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். வெட்டினவர்மேல் குற்றம் சொல்ல வழியில்லை, விதியை நாளைக்கே மாற்றி எழுதிவிடலாம். ஆனால் தைத்தவர் வேறு. துடைக்கிற துணி என்று வாங்கிக்கொண்டு போய் உடுப்பாக விற்பது ஒப்பந்தத்துக்கு விரோதம். அது எந்த ஷெட்டு என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஐந்து ஷெட்டுக்கும் துணி நிறுத்தப்படும். சரக்கு வேறு ஊருக்குப் போகும். அங்கே உலை இருக்கிறது, எரிக்கத் தடை இல்லை.

மாஸ்டர் அந்த வேறு ஊரைப் பார்த்ததில்லை. ஆனாலும் அங்கேயும் யாரோ கொடியில் துணி காயப்போடுவார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

"தைக்கிறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மேடம் மாஸ்டரிடம் கேட்டார்.

இல்லை என்று சொன்னால் பொய்க் கையைப் போலவே பொய் வாயும் பிடிபட்டுவிடும். ஆமாம் என்று சொன்னால் ஆறு பெண்களும் இரண்டு மெஷினும் போச்சு. மாஸ்டர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, எதைப் போட்டு மூடுவது என்று தெரியாமல் நின்றார்.

மாப்பிள்ளை அந்த நேரத்தில் குளிருக்காகக் கையைக் கோட்டுக்குள் விட்டிருந்தார். அங்கே விரல்கள் எதையோ கண்டுபிடித்தது போல நின்றன. பிறகு மெதுவாக மேலே ஏறின, இடுப்பிலிருந்து அக்குள் வரை. மறுபடியும் கீழே இறங்கின. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது. மேசையிலிருந்த மூன்று கோட்டுகளைப் பார்த்தார், பிறகு மாமனாரைப் பார்த்தார். அந்தக் கூடத்துக்குள் அவர் மாஸ்டரை மாமனாராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒரு வாரம் டைம் குடுங்க மேடம்," என்றார். "நான் விசாரிக்கிறேன்."

மேடம் நாடாவைச் சுருட்டினார். அவசரமில்லாமல் சுருட்டி, பையில் வைத்து, பையை மூடினார்.

"நல்ல கோட்டு," என்றார். "எங்க வாங்கினீங்க?"

"வீட்டுல குடுத்தாங்க."

"ம்."

மறுபடியும் அந்த 'ம்'. கதவு வரை போய்விட்டுத் திரும்பினார். அடுத்த வியாழக்கிழமை ஐந்து ஷெட்டுகளுக்கும் தானே வரப்போவதாகச் சொன்னார். மாப்பிள்ளையும் கூட வர வேண்டும்.

"இதே கோட்டப் போட்டுட்டு வாங்க," என்றார். "குளிரும்."

மேடம் போன பிறகு ரேடியோ மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். ஏதாவது சொல்வார் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். அவர் மாஸ்டரின் கத்தரியை எடுத்து, டீ பட்ட தன் சட்டையிலேயே துடைத்து, மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்று முழுக்கப் பேசவே இல்லை. அமைதிக்கே அது சங்கடமாகிவிட்டது.

சாயங்காலம் இருவரும் வாய்க்கால் வழியாகத் திரும்பினார்கள். விளக்குக் கம்பம் வந்து, பின்னால் போனது. மதகுப் பக்கம் வந்ததும் மாப்பிள்ளை நின்றார். சிவப்புச் சட்டைக் கை ஆடிக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா மாமா?"

"எனக்குச் செவ்வாக்கிழமதான் தெரியும் மாப்பிள்ளை."

"அத்தைக்கு?"

"அவகிட்ட நான் கேக்கல. அவளும் எங்கிட்டக் கேக்கல."

மாப்பிள்ளை கொஞ்ச தூரம் நடந்தார். உண்மையைச் சொன்னால் மாமியாரைக் காட்டிக் கொடுத்தவன், மறைத்தால் கம்பெனியை ஏமாற்றியவன் என்று தனக்கு இரண்டு பட்டம் காத்திருப்பதாகச் சொன்னார். இரண்டில் எதற்குச் சம்பள உயர்வு உண்டு என்று மாஸ்டர் கேட்க நினைத்தார். நல்லவேளையாகக் கேட்கவில்லை. மாப்பிள்ளை கோட்டின் கழுத்தை இழுத்து விட்டுக்கொண்டார். கழற்றலாம் என்று அவருக்குத் தோன்றாததை மாஸ்டர் கவனித்தார்.

வீட்டில் மேசைமேல் கோட்டுகள் இல்லை. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகத் தட்டுகள் இருந்தன. மாஸ்டரின் மனைவி மூன்றாவது தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். தட்டைத் துடைத்தபடியே இருந்தாள், அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

மாப்பிள்ளை கோட்டைக் கழற்றினார். உள்பக்கம் திருப்பி, அவள் முன்னால் மேசையில் வைத்து, நீலத் தையல்மேல் ஒரு விரலை வைத்தார்.

"மேடம் கேட்டாங்க அத்தை, இது எங்க வாங்கினதுன்னு."

"என்ன சொன்னீங்க?"

"வீட்டுல குடுத்தாங்கன்னேன்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளை மற்றதையும் சொன்னார். ரேடியோவின் வெட்டு, மாஸ்டர் சொன்ன பதில், வேறு ஊர் உலை, ஒரு வாரக் கெடு. அடுத்த வியாழக்கிழமை அந்தம்மாவே ஷெட்டுக்கு வருவார், தானும் கூட வர வேண்டியிருக்கும், என்ன சொல்லப் போகிறேன் என்று தனக்கே இன்னும் தெரியாது என்றார். அத்தையைப் பயமுறுத்தவும் இல்லை, தைரியம் சொல்லவும் இல்லை. எண்ணிக்கைப் பலகையை வாசிப்பது போல வாசித்தார்.

உலை என்ற இடத்தில் மட்டும் அவள் கை தானாக நெஞ்சுக்குப் போனது. பிறகு இறங்கிவிட்டது.

"அந்தம்மா குளிருக்கு என்ன போட்டிருந்தாங்க?"

"சால்வை. மெல்லிசா."

"அவங்க என்ன அளவு?"

மாப்பிள்ளை விழித்தார். அலுவலகத்துப் பெரியவர்களை அவர் அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்ததில்லை. அத்தை கேட்டது விளையாட்டுக்கா, நிஜமாகவா என்றும் அவருக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை.

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த கடிகாரத்தை விட்டுவிட்டு, மனைவியைப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு," என்றார். "கை மட்டும் அரை விரல் நீளம் விடணும்."